ஆறுதல் சொல்லத் தெரிந்தால் ஆலோசகரா?

“ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் அவங்க பிரச்சினையை எங்கிட்டதான் சார் சொல்லுவாங்க.” எம்.எஸ்ஸி. கவுன்சிலிங் சைக்காலஜிக்கு விண்ணப்பிக்கிற பலரும் நேர்காணலில் நீட்டும் முதல் தகுதிச் சான்று இதுதான். பொய்யில்லை, அப்படிப்பட்டவர்களைத் தேடித்தான் நண்பர்கள் போகிறார்கள். ஆனால் வகுப்பில் முதலில் கழற்றி வைக்கச் சொல்வதும் அந்தத் திறமையைத்தான். இந்தப் படிப்பைச் சுற்றி உலவும் நம்பிக்கைகளில் இதுவே பெரியது என்பதால் இதிலிருந்தே தொடங்கலாம்.

“நல்லா பேசணும், நல்ல அட்வைஸ் சொல்லணும்”

முதல் பருவத்தில் மாணவர்களை மூன்று மூன்று பேராக உட்கார வைப்பார்கள். ஒருவர் ஆலோசகர், ஒருவர் உதவி தேடி வந்தவர், மூன்றாமவர் கவனித்துக் குறிப்பெடுப்பவர். பேச்சு செல்போனில் பதிவாகும். பிறகு அதைச் சொல்லுக்குச் சொல், ‘ம்’ உட்பட, எழுதிக்கொண்டு வர வேண்டும். பத்து நிமிடப் பேச்சை எழுத ஒரு மாலை முழுக்கப் போய்விடும். எழுதி வந்த தாள் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“அம்மா எங்கிட்ட பேசி மூணு வாரம் ஆச்சுக்கா.”

“ஏன், என்ன ஆச்சு? சண்டையா?”

“ம்... ரிசல்ட் வந்ததுலேர்ந்து.”

“கவலைப்படாதீங்க. அம்மாதானே, ரெண்டு நாள்ல சரியாயிடுவாங்க.”

“சரிக்கா.”

மேற்பார்வை ஆசிரியரின் சிவப்புப் பேனா முதலில் அந்தச் ‘சரிக்கா’வைச் சுற்றி வட்டம் போடும். பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பெண் பேசியதெல்லாம் மரியாதைக்குப் பேசியது. மேலே போனால், ஒரே மூச்சில் மூன்று கேள்வி, மூன்றாவதில் பதிலையும் ஆலோசகரே எடுத்துக் கொடுத்துவிட்டார். ‘ம்’முக்குப் பிறகு எத்தனை நொடி காத்திருந்தாய்? ‘சரியாயிடுவாங்க’ என்று உனக்கு எப்படித் தெரியும்? அந்த ஆறுதல் அவளுக்கா, அவள் அழுதுவிடுவாளோ என்று பயந்த உனக்கா? வேறென்னதான் சொல்லியிருக்கலாம் என்று கேட்டால், “மூணு வாரமா, பேச்சே இல்லாம...” என்று அவள் சொன்னதையே அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். கேட்க எளிதாக இருக்கும். அக்கா, அண்ணன், அத்தை என்று உறவு சொல்லி உடனே தீர்ப்பும் சொல்லி வளர்ந்த நமக்கு அதைவிடக் கடினமான பயிற்சி வேறு இல்லை.

பேச்சைப் பதிவு செய்து வரி வரியாகப் படிக்கும் இந்த முறைக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. கார்ல் ரோஜர்ஸ் 1942இல் வெளியிட்ட ‘கவுன்சிலிங் அண்ட் சைக்கோதெரபி’ நூலில், ஹெர்பர்ட் பிரையன் என்ற புனைபெயர் கொண்டவரோடு நடந்த எட்டு அமர்வுகளையும் அப்படியே அச்சிட்டார். இசைத்தட்டில் பதிந்த குரல்களைக் கேட்டு எழுதியவை அவை. அதுவரை ஆலோசனை அறைக்குள் நடந்ததற்குப் பெரும்பாலும் ஆலோசகரின் நினைவுதான் சாட்சி. நினைவோ எப்போதும் தன் பக்கம்தான் சாயும்.

‘நல்ல அட்வைஸ் சொல்லணும்’ என்பதற்கு நேர் எதிரான மூடநம்பிக்கையும் ஒன்று உண்டு. ‘ஆலோசகர் எதையுமே சொல்லக் கூடாது’ என்று முதலாண்டு மாணவர்கள் பிடித்துக்கொள்வது. அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வந்தவரிடம், முடிவு என்ன சொல்கிறது, மருந்தை ஏன் ஒரு நாள்கூட விடக்கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும். அங்கே மௌனம் காப்பது கடமை தவறுவது.

“கதை பேசுற படிப்பு, கணக்கு கிடையாது”

கணக்குக்குப் பயந்து இங்கே வருகிறவர்கள் புள்ளியியல் தாளில் மாட்டிக்கொள்கிறார்கள். சராசரி, திட்ட விலக்கம், டி-டெஸ்ட், ஒட்டுறவு என்று ஒரு தாள், அதை வைத்து ஓர் ஆய்வேடு. ஒரு மனச்சோர்வு அளவுகோலில் ஒருவர் எடுத்த மதிப்பெண்ணுக்கு என்ன பொருள் என்று புரியாமல் அதை அவரிடம் சொல்வது ஆபத்து. அதனால் இதில் தள்ளுபடி கிடையாது.

“முடிச்சா டாக்டர் மாதிரிதான்”

இல்லை. மருந்து எழுதும் உரிமை மனநல மருத்துவருக்கு, அதாவது எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவருக்கு. உளவியலில் எந்தப் பட்டம் வாங்கினாலும் அது கிடையாது. அடுத்து, ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ என்று பெயர்ப்பலகை வைப்பதற்கும் கவுன்சிலிங் பட்டம் போதாது. ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடத்தும் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். அதற்கு ஆர்.சி.ஐ. ஏற்ற படிப்பை, ஆர்.சி.ஐ. ஏற்ற நிறுவனத்தில் முடித்திருக்க வேண்டும். நெடுங்காலமாக அந்தப் படிப்பு என்றால் இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். புதிய கல்விக் கொள்கை எம்.ஃபில்.லையே எடுத்துவிட்டது. மருத்துவ உளவியலுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2025-26 சேர்க்கை வரை சலுகை கொடுத்தது. இந்த மாற்றக் காலத்தில் ‘எம்.எஸ்ஸி.க்குப் பிறகு கிளினிக்கல் போயிடலாம்’ என்று கல்லூரி அலுவலகத்தில் சொல்வதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். ஆர்.சி.ஐ. பட்டியலில் அந்தப் படிப்பும் நிறுவனமும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கட்டலாம்.

அப்படியானால் ஆலோசகர்களுக்கு எந்தச் சட்டமும் இல்லையா? நெடுங்காலம் இல்லை. மூன்று மாதச் சான்றிதழோடு வாசலில் பலகை மாட்டியவர்கள் பெருகியதும் அதனால்தான். 2021இல் வந்த இணை சுகாதாரத் தொழில்முறையாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் உளவியலாளர்களையும் பலவகை சுகாதார ஆலோசகர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

“தபாலில் படிச்சுடலாம், தியரிதானே”

இந்தக் கதவு அண்மையில் சாத்தப்பட்டது. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் உளவியல் உள்ளிட்ட, மேற்சொன்ன 2021 சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைதூர முறையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று மானியக் குழு உத்தரவிட்டது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைத்தவர்களுக்கும், பிள்ளை வளர்த்து முடித்து நாற்பது வயதில் படிக்க வந்த பெண்களுக்கும் இது பெரிய அடி, அதை மறுக்க முடியாது. இந்தத் துறைக்கு அவர்கள்தான் மிகவும் தேவை என்று நினைக்கிறவன் நான். இருந்தாலும் அந்தச் சிவப்புப் பேனாவை அஞ்சலில் அனுப்ப முடியாது என்பதும் உண்மைதான்.

“சொன்னது நாலு சுவரைத் தாண்டாது”

பெரும்பாலும் தாண்டாதுதான். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவும் சிகிச்சை பெறுபவருக்கு ரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. ஆனால் பள்ளியில் பயிற்சிக்குப் போன மாணவியிடம் எட்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று, “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க மிஸ், சொல்றேன்” என்றால்? சத்தியம் பண்ணக் கூடாது. குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. சொல்லாவிட்டால் தண்டனையும் உண்டு. அதனால்தான் முதல் சந்திப்பிலேயே, குழந்தைக்குப் புரியும் மொழியில், “உனக்கு யாராவது கெடுதல் பண்றாங்கன்னு தெரிஞ்சா மட்டும் உன்னைக் காப்பாத்தறதுக்காக நான் சிலர்கிட்ட சொல்லுவேன்” என்று சொல்லிப் பழக்குகிறார்கள். இதைச் சொன்னால் குழந்தை வாயைத் திறக்காதே என்று பயிற்சி மாணவர்கள் தயங்குவார்கள். சில குழந்தைகள் திறக்காமலும் போகலாம். ஏமாற்றிப் பேச வைப்பதைவிட அது மேல்.

“நம்ம பிரச்சினையும் தீர்ந்துடும்”

தீராது. பாடத்தில் படிக்கும் நோயெல்லாம் தனக்கே இருப்பதாக ஒரு பருவம் முழுக்கத் தோன்றும், அவ்வளவுதான். தனக்கு உதவி தேவை என்றால் வேறொரு ஆலோசகரிடம் போக வேண்டும். நல்ல துறைகள் அதை வெளிப்படையாகவே சொல்லி ஊக்குவிக்கின்றன.

“வேலை கிடைக்காது”

கிடைக்கும். குடும்ப நீதிமன்றங்களில் ஆலோசகர் பணிக்கு 1984ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. பள்ளிகள், போதை மீட்பு மையங்கள், வன்முறைக்குள்ளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்கள், 14416 என்ற டெலி மானஸ் தொலைபேசிச் சேவை என்று இடங்கள் கூடித்தான் வருகின்றன. குறை வேறு இடத்தில். பெரும்பாலும் ஒப்பந்தப் பணி, தொகுப்பூதியம். பள்ளியில் ஆலோசகரை ஆசிரியர் வராத வகுப்புக்கு அனுப்புவார்கள், அவர் அறையில் விளையாட்டுச் சாமான்களையும் அடுக்கி வைப்பார்கள்.

சென்னைப் பல்கலைக்கழகம், லயோலா, சமூகப் பணிப் பள்ளி என்று தலைநகரிலேயே கவுன்சிலிங் சைக்காலஜியில் முதுகலை தருகிற இடங்கள் உண்டு, வெளியிலும் உண்டு. எங்கே சேருவதானாலும் பாடத்திட்டத்தைப் படித்துப் பார்ப்பதால் பெரிய பயனில்லை, எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். விசாரிக்க வேண்டியவை இரண்டு: என் பதிவுகளை உட்கார்ந்து கேட்கப் போகிறவர் யார்? அவர் பொறுப்பில் எத்தனை மாணவர்கள்? பதிலுக்கு ஏசி வகுப்பறையையும் பேருந்து வசதியையும் பற்றிச் சொல்லத் தொடங்கினால், விண்ணப்பத்தை வாங்காமலே எழுந்து வந்துவிடலாம்.