எங்கள் ஊரின் ஒரு நாள் (சமூக அறிவியலும் கணக்கும்)



தொழில்கள் மூன்று வகை என்று படித்திருக்கிறோம். நிலம், காடு, கடலில் இருந்து நேராக எடுப்பது முதல்நிலைத் தொழில். எடுத்ததை வேறு பொருளாக மாற்றுவது இரண்டாம்நிலை. கடை, ஆட்டோ, பஸ், பள்ளிக்கூடம் எல்லாம் மூன்றாம்நிலை. இரண்டாம்நிலைத் தொழில் என்றால் உடனே பெரிய ஆலையும் புகைபோக்கியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் செங்கோட்டை பக்கத்துல இருக்கிற எங்க சின்ன ஊருல அது வீட்டுத் திண்ணையிலேயே நடக்குது. ஒரு நாளை எடுத்துப் பார்ப்போம்.

காலை

மேற்கே மலை. ஜூன் மாதம் பிறந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வரும். எங்கள் பக்கம் கார், பிசானம் என்று இரண்டு நெல் பருவம். நாற்று நடவும் களை எடுக்கவும் பெரும்பாலும் பெண்கள்தான் போவாங்க. ஆண்கள் சிலர் பிரானூர் மர அறுவை மில்லுக்கும், சிலர் புளியரை தாண்டிக் கேரளாவுக்குக் கட்டட வேலைக்கும் போவாங்க. அவங்க தூக்குச்சட்டியோட பஸ் ஏறுவது எல்லார் கண்ணுக்கும் தெரியும். அதனால் அது வேலை என்று எல்லாருக்கும் தெரியும்.

பகல்

வயல் வேலை இல்லாத நாளில் தெருவே அமைதியா இருக்கும். ஆனா திண்ணையில எட்டிப் பாருங்க. ஆச்சி, பெரியம்மா, மதினி எல்லார் மடியிலும் ஒரு சுளகு இருக்கும். பீடி சுத்துறாங்க. அதன் படிகள்:

1. பீடிக் கடையில் இலை, தூள், நூல் நிறுத்து வாங்கி வர வேண்டும்.
2. இலையை நனைத்து, ஈரத் துணியில் சுற்றி வைக்க வேண்டும்.
3. தகட்டை வைத்துக் கத்தரியால் அளவாக வெட்ட வேண்டும்.
4. தூள் வைத்துச் சுருட்டி நூல் கட்ட வேண்டும்.
5. முனையை மடக்கி, 25 பீடியை ஒரு கட்டாகக் கட்ட வேண்டும். 40 கட்டு சேர்ந்தால் 1000.

அந்த இலை நம்ம ஊர் இலை இல்லை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் வளரும் தெந்து மரத்தின் இலை. அது நம்ம கருங்காலி மரத்துக்குச் சொந்தக்கார மரம். கோடையில் பறிப்பாங்க. தூள் குஜராத், கர்நாடகா பக்கம் விளையும் புகையிலை. ஆக, எங்க அம்மா மடியில் இருக்கிற சுளகுல நாலைந்து மாநிலம் சேர்ந்து இருக்கு!

இப்போது கணக்கு

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடிகாரம் வைத்து எங்கம்மா கையைப் பார்த்தேன். 10 பீடி சுத்த 200 வினாடி ஆச்சு. ஒன்றுக்கு 20 வினாடி.

1000 × 20 = 20,000 வினாடி = 5 மணி 33 நிமிடம்
இலை வெட்ட = 1 மணி 30 நிமிடம்
முனை மடக்க, கட்டுக் கட்ட = 1 மணி
மொத்தம் = 8 மணி 3 நிமிடம்

ஆபீஸ் வேலையும் 8 மணி நேரம்தானே! ஆனா அம்மாவுக்கு அது ஒரே மூச்சில் கிடைக்காது. நடுவுல சோறு பொங்கணும், தண்ணி பிடிக்கணும், மாட்டுக்குப் புல் போடணும். அதனால் அந்த 8 மணி நேரம் காலையில் தொடங்கி ராத்திரி 10 மணி வரைக்கும் இழுக்கும். சாரல் நாளில் தூள் நமுத்துப் போய் இன்னும் நேரமாகும். கடையில் கொடுத்த இலை பத்தாமல் போனால் கைக்காசு போட்டு வாங்கணும். சரியில்லை என்று கழித்த பீடிக்குக் கூலி கிடையாது.

வங்காளத்திலும் இதே சுளகு

மேற்கு வங்காளத்தில் கங்கைக் கரையில் முர்ஷிதாபாத் மாவட்டம் இருக்கிறது. அங்கே ஜங்கிபூர், துலியான் பக்கத்துச் சிற்றூர்களில் நெல், சணல், மாம்பழம் விளையும். அங்கேயும் பெண்கள் வாசலில் உட்கார்ந்து பீடிதான் சுத்துறாங்க. நாம் சுளகு என்பதை அவங்க குலோ என்பாங்க. இலை கொடுத்துப் பீடி வாங்குபவரை முன்ஷி என்பாங்க. பாஷை வேறே, முதுகுவலி ஒண்ணுதான்.

தெரிந்து கொள்வோம்

* 1966ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீட்டில் இருந்து சுற்றுபவரும் தொழிலாளிதான் என்று அது சொன்னது.
* 1976இல் நல நிதிச் சட்டம் வந்தது. 1977இல் பீடித் தொழிலுக்கு வருங்கால வைப்பு நிதி வந்தது.
* நம்ம பக்கத்தில் முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கு மருத்துவமனை இருக்கிறது.
* 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் தடைப் பட்டியலிலேயே பீடி தயாரித்தல் இருந்தது.

பீடி குடிப்பது கேடு என்று நமக்குத் தெரியும். சுத்துறவங்களுக்கும் கேடுதான். தூள் மூச்சில் போய் இருமல் வரும். நிக்கோட்டின் விரல் தோல் வழியாகவும் உள்ளே போகும். அதனாலதான் எங்கம்மா என்னைச் சுளகுப் பக்கமே விட மாட்டாங்க. "நீ போய்ப் புஸ்தகத்த எடுட்டி" என்பாங்க. இந்தத் தொழில் வளர வேண்டும் என்று நான் எழுதவில்லை. செய்கிற வரைக்கும் அது கணக்கில் வரணும் என்றுதான் எழுதுகிறேன்.

பள்ளிப் படிவத்தில் "தாயின் தொழில்" என்று ஒரு கட்டம் உண்டு. அதில் நிறைய பேர் "வீட்டில் இருக்கிறார்" என்று எழுதுவாங்க. 8 மணி நேரம் வேலை செய்பவர் சும்மா இருக்கிறாரா? "பீடித் தொழிலாளி" என்று எழுதுவோம். வெட்கப்பட அதில் ஒன்றும் இல்லை. பாஸ் புத்தகமும் அடையாள அட்டையும் அம்மா பெயரிலேயே இருக்கா என்று பார்ப்போம். மற்றவர் பெயரில் சுத்தினால் வைப்பு நிதி அம்மாவுக்குச் சேராது.

வீட்டில் செய்து பாருங்கள்

1. உங்கள் அம்மா ஒரு நாளில் செய்யும் எல்லா வேலைக்கும் நேரம் குறித்துக் கூட்டுங்கள்.
2. அதில் எத்தனை மணி நேரத்துக்குக் கூலி கிடைக்கிறது?
3. அந்த வேலை முதல்நிலையா, இரண்டாம்நிலையா, மூன்றாம்நிலையா?

விடையை இந்தத் தாளின் கீழே உள்ள இடத்தில் எழுதுங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி