அரைப்படி நெல்லின் விலை
(வெண்மணி ஆவணப்படம் வணிகர்களுக்குத் தரும் பாடம்)

முதலாளியை "நமக்குப் படியளக்கிறவர்" என்று சொல்வது தஞ்சைச் சீமையின் வழக்கு. அந்தப் படியில் அரைப்படி கூட்டிக் கேட்டதில் முற்றிய தகராறு 44 உயிர்களைக் குடித்தது. அந்த வரலாற்றைச் சொல்லும் ஆவணப்படம், பாரதி கிருஷ்ணகுமார் இயக்கி 2005இல் வெளிவந்த "ராமையாவின் குடிசை". வணிகப் பெருமக்கள் ஒருமுறையேனும் இதைப் பார்க்க வேண்டும்.

நடந்தது என்ன?

1960களில் ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்துக்குப் புதிய குறுகிய கால நெல் வந்தது. உரமும் கடனும் வந்தன. குறுவை பெருகியது. விளைச்சல் கூடியபோது, அறுப்புக் கூலியாகக் கிடைக்கும் நெல்லும் கூட வேண்டும் என்று விவசாயத் தொழிலாளர்கள் சங்கம் கட்டிக் கேட்டார்கள். மிராசுதாரர்களும் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று ஓர் அமைப்பு வைத்திருந்தார்கள். வெளியூர் ஆட்களைக் கொண்டு அறுத்தார்கள். செங்கொடிச் சங்கத்தை விட்டு விலகச் சொல்லி வற்புறுத்தினார்கள்.

1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழவெண்மணியில் மோதல் மூண்டது. மிராசுதாரர் தரப்பில் ஒருவர் இறந்தார். அன்றிரவு தாக்குதலுக்கு அஞ்சி ராமையா என்ற தொழிலாளியின் சிறு குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அனைவரும் தாழ்த்தப்பட்ட மக்கள்.

நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் 1970இல் மிராசுதாரர்கள் சிலருக்குச் சிறைத் தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய நிலக்கிழார்கள் தாங்களே நேரில் நடந்து சென்று தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என அத்தீர்ப்பு கருதியது. ஒருவரின் சொத்தே அவருக்குச் சாட்சியாக நின்றதைக் கவனியுங்கள்.

கடைக்காரரின் கணக்கு

நெல் கூலியாக இருந்த காலத்தில், கூலிக்காரப் பெண்மணி அந்த நெல்லில் ஒரு பங்கைக் கடையில் அளந்து போட்டுத்தான் உப்பும் மிளகாயும் மண்ணெண்ணெயும் வாங்கினார். ஐம்பது வீடுள்ள ஒரு தெருவில் வீட்டுக்கு அரைப்படி கூடியது என்று வைத்துக்கொள்வோம். இருபத்தைந்து படி நெல்! அதில் கணிசமான பகுதி ஊர்க்கடைக்கே வந்து சேரும். மிராசுதாரர் பத்தாயத்தில் தங்கும் நெல் நம் தராசுக்கு வருவதில்லை. ஏழையின் கூலி குறைந்தால் நம் கல்லாவும் காயும் என்பதை மறுப்பதற்கில்லை.

சங்கம் எதற்கு?

நெல் உற்பத்தியாளர் சங்கமும் ஒரு சங்கம்தான் என்பதை நாம் மறக்கலாகாது. தனியொருவர் செய்யக் கூசுவதைக் கூட்டமாகச் சேர்ந்தால் கூச்சமின்றிச் செய்துவிட முடிகிறது. கம்பெனிகளின் பலமும் இதுவே. எங்கோ இருக்கும் அலுவலகத்தில் முடிவு எடுக்கிறார்கள். அதன் விளைவை அனுபவிப்பவர் முகத்தை அவர்கள் பார்ப்பதேயில்லை. சங்க பலத்தை நல்வழியிலும் செலுத்தலாம். தமிழக வணிகர் அமைப்புகள் 2017 மார்ச் 1 முதல் அயல்நாட்டுக் கம்பெனிகளின் குளிர்பானங்களை விற்பதில்லை என்று அறிவித்ததை நாடே திரும்பிப் பார்த்தது.

பெரிய கம்பெனிகள் நமக்குரிய லாப விகிதத்தைக் குறைக்கும்போது நாம் நியாயம் கேட்கிறோம். அதே நியாயத்தை நம் கடைப் பையனும், மூட்டை தூக்கும் தோழரும், அரிசி புடைக்கும் அம்மாவும் நம்மிடம் கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறோம்? கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் திருத்தம் வந்தது. சட்டம் வந்துதான் ஒரு ஸ்டூல் போட வேண்டுமா?

ஆகவே நாம் செய்யத்தக்கவை மூன்று:

1. கூலி உயர்வு கேட்பவரை எதிரியாக எண்ணாமல், உட்கார வைத்துப் பேசுவது.

2. நம் ஊழியரின் ஊதியத்தையும் ஓய்வையும் சங்கக் கூட்டத்தில் ஒரு பொருளாக வைத்துப் பேசுவது.

3. ஊழியருக்கு எதிராக ஒரு தீர்மானம் வந்தால், கை தூக்கும் முன் அது யார் வீட்டு உலையைத் தணிக்கும் என்று எண்ணிப் பார்ப்பது.

எடைக்கல்லுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முத்திரை வைக்கிறோம். நம் மனச்சாட்சிக்கும் அவ்வப்போது முத்திரை வைத்துக்கொள்வோம்.