தொட்டிக்கு எந்த மீன் கூட்டம்?

செடித் தொட்டி என்றதும் எல்லாரும் நியோன் டெட்ராவைத்தான் கேட்பார்கள். அதற்கு 21 முதல் 25 டிகிரி நீர்தான் இதம். அம்பாங் வீடுகளில் தொட்டி நீர் சாதாரணமாகவே 28 டிகிரியைத் தொட்டுவிடும்.

உள்ளூர் மீன் இருக்க, அமேசான் மீன் எதற்கு? பின்னுடலில் கறுப்பு முக்கோணம் கொண்ட ஹார்லிகுவின் ராஸ்போரா, சிலாங்கூரின் வடக்கே தேநீர் நிற நீர் தேங்கும் சதுப்புக்காடுகளிலேயே வாழ்வது. ஏறக்குறைய 4 செ.மீ. வளரும், செடியைக் கடிக்காது. கிரிப்டோகோரைன் போன்ற செடிகளின் அகன்ற இலைகளுக்கு அடிப்பக்கத்தில் முட்டையிடும். 60 செ.மீ. நீளத் தொட்டிக்கு 8 முதல் 10 வரை விடலாம். ஐந்து வகையில் இரண்டிரண்டு வாங்காதீர்கள். துணை குறைந்தால் மிரண்டு செடிக்குள் பதுங்கிக் கொள்ளும். புலி பார்ப் அழகுதான், ஆனால் கப்பியின் வாலைக் குதறிவிடும். சில்வர் டாலர் வேண்டவே வேண்டாம்: செடியே அதற்குச் சாப்பாடு!

கடைத் தொட்டியில் ஒரு மீனுக்கு வெண்புள்ளி தெரிந்தாலும் அங்கே வேறு எதையும் வாங்க வேண்டாம். குழாய் நீரில் குளோரினை நீக்கிவிட்டு ஊற்றுங்கள். புதுத் தொட்டியின் வடிகட்டியில் நல்ல பாக்டீரியா பெருகச் சில வாரம் பிடிக்கும். அதன்பின் பாதி மீன், மீதி இரண்டு வாரம் கழித்து.