மூடியைப் பார்த்து விலை பேசாதீர்கள்

செங்கலடிச் சந்தியில் பதுளை வீதி வந்து திருகோணமலை வீதியில் முடிகிறது. கிழக்கே போனால் புன்னைக்குடா, களுவன்கேணிக் கரைகள்; மேற்கே வாவி. இரண்டு தண்ணீரிலும் ஓடித் தேய்ந்த போட் இஞ்சின்கள் இந்தப் பக்கம் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. வாங்க வருகிறவர் பலவேளை மனைவியின் காப்பை அடகு வைத்த காசோடு வருகிறார். விற்கிறவருக்கும் அது கடைசிச் சொத்தாக இருக்கலாம். ஆனால் விலையைத் தீர்மானிப்பது கரையில் வழிவழியாகச் சொல்லப்படும் நாலைந்து நம்பிக்கைகள்தான். அவற்றில் சில, வாங்கியவரை ஒரே பருவத்தில் கடனாளி ஆக்கக்கூடியவை.

"மூடியில 15 எண்டுதானே எழுதியிருக்கு?"

மூடி கழன்று வரும் ஒரு கூடு. அதை மாற்ற ஐந்து நிமிடம் போதும். பழைய டூ ஸ்ட்ரோக் வகைகள் பலவற்றில் 9.9 குதிரைவலு இஞ்சினும் 15 குதிரைவலு இஞ்சினும் ஒரே சிலிண்டர் தொகுதியில் செய்யப்பட்டவை. காபரேட்டரிலும் அதைச் சார்ந்த சில பாகங்களிலும்தான் வேறுபாடு. 9.9-க்கு 15-இன் மூடியைப் போட்டால் வெளிப்பார்வைக்கு அது 15 ஆகிவிடும், விலையும் ஏறிவிடும்.

பார்க்க வேண்டியது, படகின் பின்பலகையைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்பின் பக்கத்தில் உள்ள சிறு தகட்டை. மாதிரி இலக்கமும் தொடர் இலக்கமும் அதில் இருக்கும். ஜோன்சன், எவின்ரூட் இஞ்சின்களில் 1980 முதல் ஆண்டையே அந்த மாதிரி இலக்கத்துக்குள் எழுதிவைத்தார்கள். 'இன்ட்ரடியூசஸ்' (INTRODUCES) என்ற ஆங்கிலச் சொல்லின் பத்து எழுத்துகளில் முதலாவது 1, இரண்டாவது 2, இப்படியே போய் ஒன்பதாவது 9, கடைசி எழுத்து 0. மாதிரி இலக்கத்தின் முடிவில் நிற்கும் இரண்டு எழுத்துகள் ஆண்டு. 'சி', 'என்' என்று இருந்தால் 8, 2, அதாவது 1982. அவற்றுக்குப் பின்னால் தனியாக ஓர் எழுத்து நின்றால் அது திருத்தக் குறி, விட்டுவிடலாம். 'இது தொண்ணூறாம் ஆண்டு இஞ்சின்' என்று வாயால் சொல்லப்படும் வயதை இப்படி ஒரு நிமிடத்தில் சரிபார்க்க முடியும்.

குதிரைவலுவிலும் ஒரு சிக்கல் உண்டு. 1980களின் நடுப்பகுதி வரை பல அமெரிக்க இஞ்சின்களின் வலுவைக் கிராங்க் தண்டில் அளந்தார்கள். பிறகு புரொப்பெல்லர் தண்டில் அளக்கத் தொடங்கினார்கள். கியரில் இழக்கும் வலு பழைய கணக்கில் கழிக்கப்படவில்லை. ஆகவே பழைய 40-ஐப் புதிய 40-ஓடு நேரே ஒப்பிட்டு விலை சொல்வது தவறு.

"வாவியிலதான் ஓடினது, உப்புப் படல்ல"

இந்த நம்பிக்கைதான் இங்கே அதிகம் கெடுதல் செய்கிறது. மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். பாலமீன்மடுப் பக்கமும் கல்லாற்றுப் பக்கமும் கடலோடு சேர்கிறது. மாரி மழையில் உப்பு இறங்கும், கோடையில் ஏறும். நல்ல தண்ணீர் என்று அதைச் சொல்லவே முடியாது. கடலில் ஓடுகிறவருக்கு உப்பைப் பற்றிய பயம் உண்டு, கரைக்கு வந்ததும் இஞ்சினைக் கழுவ நினைப்பார். வாவியில் ஓடியவர் 'உப்பில்லை' என்று நினைத்துக் கழுவாமலே விட்டிருந்தால், அந்த இஞ்சின் கடல் இஞ்சினைவிட மோசமாக அரிக்கப்பட்டிருக்கும்.

உப்போடு சேற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆழம் குறைந்த இடங்களில் ஓடும்போது குளிர்விக்கும் நீரோடு மணலும் சேறும் உள்ளே போகின்றன. தண்ணீர் பம்பின் ரப்பர் இதழ்கள் தேய்கின்றன, நீர்வழிகள் அடைபடுகின்றன. புரொப்பெல்லர் தரையில் இடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அதிர்ச்சி கீழ்க் கியருக்குப் போகிறது.

எனவே வாவி இஞ்சினில் முதலில் பார்க்க வேண்டியது கீழ்ப்பகுதி. கியர் ஒயில் வடியும் அடி ஆணியை மெல்லத் தளர்த்துங்கள். ஒயிலுக்கு முன் தண்ணீர் சொட்டினாலோ, ஒயில் பால் கலந்ததுபோல வெளுத்திருந்தாலோ, சீல் போய்விட்டது. சீல் மட்டும் என்றால் செலவு பெரிதில்லை. ஆனால் அந்தத் தண்ணீரோடு எத்தனை மாதம் ஓடியது என்பது யாருக்கும் தெரியாது. ஒயிலில் உலோகத் துகள் மின்னினால் கியர் பற்களும் பெயாரிங்கும் தேய்ந்துகொண்டிருக்கின்றன. அந்தத் திருத்தச் செலவு ஒரு பழைய இஞ்சினின் முழு விலையையும் விழுங்கக்கூடியது. விற்பவர் இந்த ஆணியைத் தொட விடமாட்டேன் என்றால், பேச்சை அத்தோடு நிறுத்திவிடுவதே நல்லது.

"ஒரே இழுவையில ஸ்டார்ட்"

சூடான இஞ்சின் ஒரே இழுவையில் உயிர் பெறுவதில் அதிசயம் இல்லை. நீங்கள் போய்ச் சேருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கலாம். முதலில் சிலிண்டர் தலையில் கையை வையுங்கள். குளிர்ந்திருந்தால் மட்டும் கயிற்றை இழுங்கள். ஓட்டிப் பார்ப்பதும் தண்ணீர் நிரம்பிய பீப்பாயிலோ படகிலோதான். தண்ணீர் இல்லாமல் ஓட்டிக் காட்டினால் பம்பின் ரப்பர் அங்கேயே போய்விடும்.

அடுத்தது கொம்பிரசன். பிளக்கைக் கழற்றி மானியைப் பொருத்தி ஒவ்வொரு சிலிண்டரையும் அளக்க வேண்டும். 'நூறு பிஎஸ்ஐக்குக் கீழே என்றால் இஞ்சின் முடிந்தது' என்று ஒரு கணக்கு புழங்குகிறது. மண்ணெண்ணெய் இஞ்சினுக்கு அது பொருந்தாது. மண்ணெண்ணெயில் ஓடச் செய்யப்பட்டவை பெற்றோல் இஞ்சினைவிடக் குறைந்த அழுத்தத்துக்கு அமைக்கப்பட்டவை. இரண்டு சிலிண்டருக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் உண்மையைச் சொல்லும். 90-உம் 88-உம் காட்டும் இஞ்சினை நம்பலாம். 110-உம் 75-உம் காட்டுவது, இப்போது நன்றாக ஓடினாலும், பிரித்து வேலை செய்ய வேண்டியது.

"மண்ணெண்ணெய் இஞ்சினுக்கு எப்பவும் மதிப்பு"

2022 ஆகஸ்ட் வரை அது உண்மை. அந்த மாதம் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏற்றப்பட்டது. எரிபொருள் குடிக்கும் பழைய இஞ்சினின் மதிப்பு அன்றே வேறாகிவிட்டது. அதே ஆண்டு ரூபாவின் பெறுமதி சரிந்ததால் புதிய இஞ்சின் எட்டாத விலைக்குப் போய், பழையதற்குத் தேவை கூடியது. இரண்டும் எதிரெதிராக இழுக்கின்றன. மூன்று ஆண்டுக்கு முன் மச்சான் விற்ற விலையை வைத்து இன்று விலை சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

"பழசுக்கு வெளிநாட்டில நல்ல விலை"

அமெரிக்காவில் பழைய இஞ்சின் சேகரிப்பவர்களுக்கு 1965 முதல் ஒரு சங்கமே இருக்கிறது. ஆனால் அவர்கள் அதிக விலை கொடுப்பது அரிதானதற்கு: முதல் பெயின்ட் அழியாத, ஒரு பாகமும் மாற்றப்படாத இஞ்சினுக்கு. நம் கரையில் உழைத்த இஞ்சின் நாலு தடவை பெயின்ட் அடிக்கப்பட்டது, கிடைத்த பாகத்தைப் போட்டு ஓட வைக்கப்பட்டது. உழைப்பாளிக்கு அதுதான் சரி; சேகரிப்பாளருக்கு அது வேண்டாம்.

இங்கே பெயரின் புகழைவிடப் பாகம் கிடைப்பதுதான் பணம். எவின்ரூட் 1909-இல் தொடங்கிய பெயர். 2020-இல் உற்பத்தி நின்றது. யமஹாவின் பழைய எண்டுரோ வகைக்கோ இன்றும் கடையில் பாகம் கேட்டு வாங்கலாம். ஒரே நிலையில் இரண்டும் பக்கத்தில் நின்றால் நான் யமஹாவுக்குத்தான் கூட விலை சொல்வேன்.

சரி, விலையை எப்படிக் கணக்கிடுவது? அதே மாதிரி, அதே வலு, நன்றாக ஓடும் இஞ்சின் இந்த மாதம் இப்பகுதியில் என்ன விலைக்குப் போனது என்று குறைந்தது மூன்று பேரிடம் கேளுங்கள். அதிலிருந்து திருத்தச் செலவைக் கழியுங்கள். மெக்கானிக் சொல்வதற்கு மேல் இன்னும் கொஞ்சம் கழிப்பது நல்லது, பிரித்த பிறகுதான் மற்றக் குறைகள் தெரியும். ஒரு பேச்சுக்கு, ஓடும் இஞ்சின் மூன்று இலட்சம், திருத்தம் எண்பதாயிரம் என்றால் இரண்டு இலட்சத்துக்கு மேல் போக வேண்டாம். ஓடாத இஞ்சினுக்கு இந்தக் கணக்கே கிடையாது. கழற்றி விற்கக்கூடிய நல்ல பாகங்களின் விலைதான் அதன் விலை.

தண்ணீரில் மூழ்கி எடுத்த இஞ்சினையும் பாகக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். உப்பு நீர் கிராங்க் பெயாரிங்கில் ஏறிவிட்டால் வெளியே துடைத்துப் பயனில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு உதவியாக வந்த இஞ்சின்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கொடுக்கப்பட்டபோது புதியவைதான், இப்போது இருபது வயது தாண்டியவை, சில பல கை மாறியவை. அப்படி ஒன்றை வாங்குவதானால் தகட்டிலுள்ள தொடர் இலக்கத்தை எழுதிக்கொண்டு, விற்பவரின் படகுப் பதிவுப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். சந்தேகம் இருந்தால் கடற்றொழில் பரிசோதகரிடம் கேளுங்கள். தகடு பிடுங்கப்பட்டிருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.