ஆவாரை

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ச்சாரலை அடுத்துள்ள ஊர்களுள் ஒன்று கான்சாபுரம். திருவில்லிபுத்தூரும் வத்திராயிருப்பும் அதற்கு அண்மையில் உள்ளன. மலையோடைகளும் பிளவக்கல் அணையும் நீரூட்டும் அளவில் இப்பகுதியில் நெல்லும் தென்னையும் செழித்து நிற்கும். அந்நீர் எட்டாத மேட்டு நிலங்களோ வானம் பார்த்தவை. ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தால் அங்கே புல்லும் கருகும். அவ்வாறு கருகிய நிலத்திலும் பொன்னைத் தூவியதுபோலப் பூத்து நிற்பது ஒரு செடி. அதுவே ஆவாரை.

பாலை என்பது தனி நிலம் அன்று. முல்லையும் குறிஞ்சியும் வேனிலால் தம் இயல்பு கெட்டுத் திரிந்தபோது பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. நல்ல நிலமும் காப்பாரின்றிக் கெட்டால் பாலையாகும் என்பது இதனால் பெறப்படும். கெட்ட நிலத்தைத் திருத்தவும் வழி உண்டு. அவ்வழியில் முதலடி, அந்நிலத்திற்கு ஏற்ற செடியைத் தேர்ந்து வளர்த்தலாகும்.

ஆவாரை ஓர் ஆள் உயரமோ அதனினும் சற்று மிகுதியோ வளரும் புதர்ச்செடி. அதன் சிற்றிலைகள் சிறியன. வேர் ஆழ்ந்து சென்று அடிமண்ணின் ஈரத்தைப் பற்றும். இலைக்காம்பின் அடியில் காதுமடல் போன்ற செதில்கள் உண்டு. சுவீடன் நாட்டு அறிஞர் இலின்னேயசு 1753 ஆம் ஆண்டில் இச்செடிக்கு இலத்தீன் மொழியில் பெயரிட்டபோது, இக்காதினைக் கருதியே பெயர் அமைத்தார். ஆவாரம்பூவில் தேன் இல்லை. பூந்தாதும் சிறு துளையுள்ள பைகளில் அடைபட்டிருக்கும். வண்டு பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிர்க்கும். அவ்வதிர்வினால் தாது உதிரும்.

தமிழர்க்கு இம்மலர் புதியதன்று. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய தொண்ணூற்றொன்பது பூக்களுள் ஆவிரையும் ஒன்று. பொங்கலுக்கு முன்னர் வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் ஆவாரம்பூவைச் சேர்த்து வீட்டின் இறப்பில் காப்புக் கட்டுதல் தென்பாண்டிச் சிற்றூர்களின் வழக்கம். தெலுங்கானம் 2014 இல் தனி மாநிலமானபோது இம்மலரையே தன் மாநில மலராகக் கொண்டது. ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்னும் பழமொழி இதன் மருத்துவச் சிறப்பை உயர்வு நவிற்சியாகக் கூறுவதாகும்.

இதனை வளர்க்கும் முறை எளிது. ஆயினும் முறை உண்டு. செடியிலேயே முற்றி உலர்ந்த காய்களைப் பறித்து விதை எடுத்தல் வேண்டும். விதையின் தோல் மிகக் கடினமானது. கோடையில் பெய்யும் ஒரு சிறு தூறலை நம்பி முளைத்து மடியாதபடி இயற்கை அமைத்த காவல் அது. எனவே, விதையை மணலோடு சேர்த்து மெல்லத் தேய்த்தோ, கொதித்து இறக்கிய நீரில் இட்டு ஓர் இரவு ஊறவிட்டோ விதைக்க வேண்டும். ஆணிவேர் நீண்டபின் பெயர்த்து நட்டால் வேர் அறும். ஆதலின், மழைத் தொடக்கத்தில் நிற்கும் இடத்திலேயே விதைத்தல் நன்று. கரிசல் மண் கோடையில் வெடித்து இளவேரை அறுக்கும். அடியில் சருகு பரப்பினால் அவ்வெடிப்புக் குறையும். முதற் கோடையில் மட்டும் இடையிடையே நீர் விட வேண்டும். வேர் ஊன்றியபின் நீரை நிறுத்துதலே செடிக்குச் செய்யும் உதவி. இரக்கத்தால் நாளும் நீர் ஊற்றுவார், வேரை மேலேயே தங்கச் செய்து செடியைக் கெடுப்பவராவர்.

ஒருமுறை வேரூன்றிய ஆவாரை பலவகையில் பயன்தரும். மண் அரிப்பைத் தடுக்கும். கால்நடைகள் இதனை விரும்பி மேய்வதில்லை. ஆதலால் வேலியோரத்திற்கு ஏற்றது. இதன் தழை நெல்வயலுக்கு உரமாகும். வெட்டினாலும் அடியிலிருந்து மீண்டும் தழைக்கும். 19 ஆம் நூற்றாண்டில் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற பதனிட்ட தோல்களுள் பல, ஆவாரம்பட்டையால் பதனிடப்பெற்றவை. அயல்நாட்டுப் பட்டைகளும் வேதிப்பொருள்களும் வந்தபின் இப்பட்டையின் மதிப்புக் குறைந்தது. மதிப்புக் குறையவே, செடியைக் காக்கும் கருத்தும் குறைந்தது.

அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் கண்டத்தினின்று இந்தியாவிற்குள் வந்த சீமைக்கருவேல், பின்னாளில் விறகுக்காகவும் வேலிக்காகவும் இவ்வறண்ட நிலங்களில் பரப்பப்பட்டது. அது ஏழைகளுக்கு விறகும் கரியும் தந்தது உண்மையே. ஆயினும் அது கண்மாய்களையும் மேய்ச்சல் நிலங்களையும் அடைத்துக்கொண்டு, நாட்டுச் செடிகளுக்கு இடமின்றிச் செய்தது. அயல் தாவரங்களை அகற்றி நிலத்தை மீட்பதற்கென 2022 ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கையையே வகுக்க நேர்ந்தது. அகற்றுதல் பாதிப் பணியே. அகற்றிய இடத்தை வெறிதே விட்டால் சீமைக்கருவேலே மீண்டும் முளைக்கும். அங்கே ஆவாரை போன்ற நாட்டுச் செடிகளை ஊன்றுதல் மறுபாதிப் பணியாகும்.

விரும்பிய செடிக்காக இல்லாத நீரைத் தேடி அலைவதைவிட, உள்ள நீருக்கு இசைந்த செடியை விரும்பக் கற்றலே அறிவுடைமை. பள்ளித் தோட்டத்தின் வறண்ட மூலையில் ஒரு பிடி ஆவாரை விதையை முறையோடு ஊன்றினால் போதும். ஓராண்டுக் காவலை அது கேட்கும். பல்லாண்டுப் பூவை அது தரும்.