பதுக்கலும் தொகுப்பு வேகமும்

மாணவர்களே, பதுக்கு நினைவகம் பற்றிக் கேட்டால் முறைவழியாக்கிக்கும் பிரதான நினைவகத்துக்கும் இடையிலுள்ள வேகமான நினைவகம் என்று எழுதிவிடுவீர்கள். புள்ளி கிடைக்கும். ஆனால் பதுக்கல் என்பது ஒருமுறை செய்த வேலையின் பயனை வைத்திருந்து மீண்டும் பயன்படுத்தும் முறையுமாகும். மென்பொருள் உருவாக்கத்திலும் அது பயன்படுகின்றது. (டொக்கர் பரீட்சைக்கு வராது, பதுக்கலும் தொகுப்பானும் வரும்.)

மூலக் குறிமுறையைத் தொகுப்பான் பொறிமொழிக்கு மாற்றும். இணைப்பி தேவையான நூலகங்களைச் சேர்த்து இயக்கத்தக்க கோப்பைத் தரும். நூலகத்தில் தேவைப்படும் பகுதிகள் அக்கோப்பினுள்ளேயே சேர்க்கப்பட்டால் அது நிலையான இணைப்பு எனப்படும். கோப்புப் பெரிதாகும், ஆயினும் அந்நூலகம் இல்லாத கணினியிலும் இயங்கும். 2009 இல் கூகிள் அறிமுகப்படுத்திய கோ மொழியின் செய்நிரல்கள் பெரும்பாலும் இவ்வாறானவை.

2013 இல் வெளிவந்த டொக்கர், செய்நிரலையும் அதற்கு வேண்டியவற்றையும் ஒரே கொள்கலனில் இட்டு இயக்க உதவுகின்றது. கொள்கலனுக்குரிய படிமம், அறிவுறுத்தல் கோப்பொன்றின்படி அடுக்கடுக்காகக் கட்டப்பட்டு, ஒவ்வோர் அடுக்கும் பதுக்கி வைக்கப்படும். சீமெந்துக் கல் மதிலை நினையுங்கள். நான்காம் வரிசையை மாற்றுவதென்றால் ஐந்தையும் ஆறையும் கழற்ற வேண்டும். மூன்றாம் வரிசைக்கு ஒன்றும் ஆகாது. இங்கும் மாறிய அடுக்கும் அதற்குப் பின் வருவனவுமே மீளச் செய்யப்படும்.

ஆகவே வரிகளின் ஒழுங்கு முக்கியம். முழுக் குறிமுறையையும் முதலில் பிரதிசெய்து, பின்னர் நூலகங்களைப் பதிவிறக்கினால் என்ன நடக்கும்? ஓர் எழுத்தைத் திருத்தினாலும் பதிவிறக்கம் முதலிலிருந்து தொடங்கும். முள்ளிவாய்க்காலில் டேட்டா போட்டு வேலைசெய்யும் பிள்ளைக்கு நேரத்தோடு காசும் போகும். நூலகப் பட்டியலை மட்டும் முதலில் பிரதிசெய்து, பதிவிறக்கிய பின்னர் குறிமுறையைச் சேர்த்தால், பட்டியல் மாறும்வரை மறுபதிவிறக்கம் தேவையில்லை.

பலர் இதோடு நின்றுவிடுகின்றனர். தொகுத்தலோ இன்னும் முழுமையாகவே நடக்கும். கோ மொழியின் 1.10 பதிப்பு (2018) முதல் ஒவ்வொரு பொதியினதும் தொகுப்புப் பெறுபேறு தனிக் கோப்புறையொன்றில் பதுக்கப்படுகின்றது. ஆனால் படிமத்தின் தொகுத்தல் அடுக்கு புதிதாகத் தொடங்கும்போது அக்கோப்புறை வெறுமையாக இருக்கும். டொக்கரின் பில்ட்கிற் வசதியால் அதனை அடுக்குகளுக்கு வெளியே வைத்து ஒவ்வொரு தடவையும் பொருத்தலாம். அப்போது மாறிய பொதியும் அதில் தங்கியுள்ளவையும் மாத்திரமே மீளத் தொகுக்கப்படும். இறுதி இணைத்தலைத் தவிர்க்க முடியாது.

வினா: ஒரு படிமத்தின் வரிகள் வருமாறு: (1) அடிப்படைப் படிமம் (2) குறிமுறையைப் பிரதிசெய்தல் (3) நூலகப் பதிவிறக்கம் (4) தொகுத்தல். குறிமுறையில் ஒரு சொல் மாறினால் மீளச் செய்யப்படுவன எவை?

விடை: 2, 3, 4. முதலாவது மட்டும் பதுக்கலிலிருந்து பெறப்படும்.