நான்கு கணினிகள் சேர்ந்தால் நான்கு மடங்கு வேகமா?

கற்றல் விளைவு: ஒரு வேலையைப் பல கணினிகளுக்குப் பகிர்வதன் பயனையும் வரம்பையும் மாணவர்கள் கணக்கிட்டுக் கூறுவர்.

எங்கள் ஆய்வகத்தில் கழிவுக்கு ஒதுக்கிய நான்கு பழைய கணினிகளைத் தலைமையாசிரியரின் அனுமதியுடன் எடுத்து, லினக்ஸ் நிறுவி, ஒரே வலையில் இணைத்தேன். ஓப்பன் எம்.பி.ஐ. என்னும் கட்டணமில்லா மென்பொருளையும் ஏற்றினேன். பகா எண்களை எண்ணும் சிறிய நிரலை ஓட்டினால், ஒரு கணினி தனியாகச் செய்ததைவிட நான்கும் சேர்ந்து அதிக நேரம் எடுத்தன. "நாலு கம்ப்யூட்டர் இருந்தும் ஏன் சார் லேட்டாகுது?" என்று பதினொன்றாம் வகுப்பு மாணவி கேட்டாள். அப்போது என்னிடம் பதில் இல்லை. மறுநாள் அந்தக் கேள்வியையே பாடமாக்கினேன்.

அறிமுகம்: 1994-இல் நாசாவின் கோடார்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும், சந்தையில் கிடைத்த 16 செயலிகளை ஈதர்நெட்டில் இணைத்து 'பியோவுல்ஃப்' தொகுதியை உருவாக்கினர். குறைந்த செலவில் உயர்திறன் கணிப்புக்கு அது வழிகாட்டியது.

செயல்பாடு: விடைத்தாள் திருத்தும் முகாமை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். மொத்த வேலை 60 நிமிடம். அதில் கட்டுப் பிரிப்பதும் மதிப்பெண் தொகுப்பதும் ஒருவரே செய்ய வேண்டிய 10 நிமிட வேலை. மீதி 50 நிமிடத்தை ஐந்து பேர் பகிர்ந்தால் 10 நிமிடம். ஆக மொத்தம் 20 நிமிடம். வேகம் மூன்று மடங்குதான். எத்தனை பேர் வந்தாலும் ஆறு மடங்கைத் தாண்ட முடியாது. 1967-இல் ஜீன் ஆம்டால் சுட்டிய வரம்பு இதுவே. திருத்த வேண்டியவை நான்கே தாள்கள் என்றால், பகிர்ந்து கொடுப்பதற்கே நேரம் போய்விடும். எங்கள் நிரலுக்கு நேர்ந்தது அதுதான்.

மென்பொருளைத் தேர்வதற்கு முன் மாணவர்கள் கேட்க வேண்டியவை:

1. வேலையின் பகுதிகள் இடையிடையே தகவல் பரிமாற வேண்டுமா? ஆம் எனில் எம்.பி.ஐ. பொருந்தும். தனித்தனி வேலைகள் எனில் எச்.டி.கான்டர் போதும்.

2. நடுவில் ஒரு கணினி நின்றால்? எம்.பி.ஐ.யில் வழக்கமாக முழு வேலையும் நின்றுவிடும். கான்டர் அந்த வேலையை வேறு கணினியில் மீண்டும் ஓட்டும்.

3. நிரலை மாற்றி எழுத வேண்டுமா? எம்.பி.ஐ.க்கு வேண்டும்.

மதிப்பீடு: எண் வரம்பைப் பலமடங்கு பெரிதாக்கி, ஒன்று முதல் நான்கு கணினிகள் வரை நேரத்தை அளந்து வரைபடம் வரையச் செய்தேன். இம்முறை வேகம் கூடியது. ஆனால் நான்கு மடங்கை எட்டவில்லை. ஏன் என்பதைக் கேள்வி கேட்ட மாணவியே கரும்பலகையில் விளக்கினாள்.